ஓட்டைக் கூரைக் குஞ்சுகள்

முட்டைக்குள் இருக்கிற குஞ்சு வெளியே வருவதற்கு முன்பே ஒற்றைக் கண்ணால் வெளிச்சம் பார்க்கிறது என்று நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. தஞ்சாவூரில் பெண்களுக்காக நடந்த கோழி வளர்ப்புப் பயிற்சி அது. பாடம் எடுத்தவர் ஒரு கால்நடை டாக்டர், என்னைவிட ரொம்பச் சின்னவர். கூட உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். “என்னம்மா, மயக்கமா?” என்று டாக்டர் கேட்டார். “வெயிலு சார்” என்று சொல்லிவைத்தேன். வெயிலாவது ஒன்றாவது. எல்லாம் வெட்கம்தான்.

ஏன் வெட்கம் என்று சொல்ல வேண்டுமானால் என் அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அப்பா குத்தகை விவசாயி. நிலம் கும்பகோணத்தில் குடியிருந்த ஒரு மிராசுதாருடையது. அப்பா கட்சிக்காரர். அவர்கள் கட்சி ஆட்சிக்கு வந்திருந்த காலம் அது. கட்சிக் கரை வேட்டியை அவரே துவைத்து அவரே நீலம் போட்டுக் காயவைப்பார், அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார். ஊரில் எந்தச் சுவர் வெள்ளையாக இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக அதில் காவியில் எழுதிவிட்டு வருவார். பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அதைச் சும்மா சொல்லக் கூடாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கள் பக்கம் வயல் வேலைக்கு வருகிறவர்கள் நிலம் வைத்திருப்பவரை “ஆண்டே” என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தகைக்காரராக இருந்தாலும் மேலத்தெருவில் வீடு இருந்தால் அவரும் ஆண்டைதான். அப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “ஆண்டையாவது பூண்டையாவது. அண்ணேன்னு கூப்பிடு” என்பார். கூப்பிடவைத்தும் விட்டார். வயதில் மூத்த கிழவர்கள்கூட அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா வருவார். கீழத்தெருவுக்கும் அப்பால், வாய்க்கால் தாண்டி அவர் குடிசை. புருஷன் இல்லை, ஒரே ஒரு பெண் குழந்தை. அவரும் அப்பாவை அண்ணே என்பார், அம்மாவை அண்ணி என்பார். இப்போது எழுதும்போது “அவர்” என்று எழுதுகிறேன். அன்றைக்கு அவரை நான் “வா”, “போ” என்றுதான் பேசினேன். என் அம்மாவைவிட மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த கழுதை நான், அது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. அப்பாவுக்கும் படவில்லை.

எங்கள் ஊரில் ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் வாரத்துக்கு விடுவார்கள். கோழியும் முட்டையும் நம்முடையது. அதை அடைவைத்துக் குஞ்சு பொரிக்கவைத்து, பருந்துக்கும் காக்காய்க்கும் பறிகொடுக்காமல் வளர்ப்பது வாரத்துக்கு வாங்கியவர் வேலை. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்ததும் ஆளுக்குப் பாதி. முதல் குஞ்சைப் பொறுக்குவது கோழிக்குச் சொந்தக்காரர். நிலத்தில் மிராசுதாருக்கும் அப்பாவுக்கும் என்ன பேச்சோ, கோழியில் அம்மாவுக்கும் அந்த அம்மாவுக்கும் அதே பேச்சு. வாரத்துக்கு விடுவது எங்கள் வீட்டில் பல் விளக்குவது மாதிரி ஒரு வழக்கம். யாரும் அதை நின்று யோசித்ததில்லை.

நான் சொல்லப்போகிற வருஷம் தை அறுவடையிலேயே வம்பு ஆரம்பித்துவிட்டது. எங்கள் வயலில் புகையான் பூச்சி விழுந்து பாதி கருகிப் போயிருந்தது. களத்தில் மிராசுதாரின் காரியஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நெல்லை அளந்து முடித்ததும் அப்பாவைப் பார்த்து, “ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே விதை. பக்கத்து வயல்ல கண்டது உன் வயல்ல மட்டும் எப்படிய்யா காணாமப் போகும்? நெல்லுக்கட்டு எங்க போச்சு?” என்றார். நான் கஞ்சிக் கலயத்தோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பாவின் முகம் கறுத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “இருபது வருசமா இந்த மண்ணுல நிக்கிறேன். என் வாய்ச்சொல்லு ஒனக்குப் போதாதா?” என்று கேட்டார். காரியஸ்தர் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. “திருடன்னு சொல்லிட்டான்” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அதன் பிறகு எந்தக் கூட்டத்தில் பேசினாலும் அந்தக் களத்துப் பேச்சைச் சொல்லாமல் இறங்கமாட்டார். உழைக்கிறவன் சொல்லை நம்பாதவனுக்கு அவன் உழைப்பில் பங்கு எதற்கு என்று அவர் கேட்கும்போது கூட்டம் கைதட்டும். நானும் பெண்கள் பக்கம் நின்று தட்டியிருக்கிறேன். என் அப்பா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

மிராசுதார் நிலத்தை விட்டு இறங்கச் சொன்னார். அப்பா குத்தகையைப் பதிவு பண்ண மனு போட்டார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. நடுவில் இரண்டு தடவை எங்கள் வீட்டின் மேல் கல் விழுந்தது. ஒரு கல் நெல் கொட்டிவைக்கிற அறையின் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்து விழுந்தது. அப்பா அந்த ஜன்னலில் பலகை வைத்து அடித்து, மேலே சாக்கையும் தொங்கவிட்டார். அதற்கப்புறம் அந்த அறைக்குள் பட்டப்பகலில் போனாலும் கையைத் தடவித் தடவித்தான் போக வேண்டும்.

மாசியில் எங்கள் வீட்டில் இரண்டு கோழிகள் ஒரே சமயத்தில் அடைக்கு உட்கார்ந்தன. சேவல் சீர்காழியிலிருந்து பெரியம்மா கொடுத்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற ஜாதி. அதன் வாரிசு வேண்டும் என்று அம்மா முட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு அடைக்கோழி இருந்தால் ஒன்றையொன்று கொத்தி முட்டையை உடைக்கும் என்று, ஒரு கோழியையும் பாதி முட்டையையும் அந்த அம்மாவிடம் வாரத்துக்குக் கொடுத்தாள். பெரிது சின்னது பார்த்து மாற்றி மாற்றிப் பிரித்தவள் நான்தான். அதில் ஒரு வஞ்சகமும் இல்லை.

முட்டைகளை மடியில் வாங்கிக்கொண்டு அந்த அம்மா ஒன்று சொன்னார். “இந்தத் தடவ என் பங்குல ரெண்டு பொட்டைக் குஞ்ச நிறுத்திக்கிறேன் அண்ணி. எனக்குன்னு ரெண்டு கோழி ஆயிட்டா அப்பறம் வாரத்துக்குக் கேட்டு உங்க வாசல்ல வந்து நிக்க மாட்டேன்.”

“நிறுத்திக்க, நிறுத்திக்க. மொதல்ல பொரிக்கட்டும்” என்றாள் அம்மா.

எங்கள் பங்கு முட்டைகளை அம்மா அந்த இருட்டு அறையில் வைத்தாள். கல் விழாத இடம், வேற்று ஆள் கண் படாத இடம். கூடையில் உமியைப் பரப்பி, இடி தாக்காமல் இருக்க ஒரு துண்டு இரும்பையும் செருகினாள். “பகுத்தறிவு பேசுறவன் வீட்டுல இரும்பா?” என்று அப்பா கேலி செய்தார், ஆனால் எடுத்துப் போடவில்லை. தினமும் ஒரு தடவை அம்மா கோழியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் இரைக்கு விடுவாள். அந்த நேரத்தில் முட்டை ஆறிவிடக் கூடாது என்று மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கதவையும் சாத்திவிட்டுத்தான் போவாள். அவ்வளவு கவனம். மூன்று வாரமும் அந்த முட்டைகள் வெளிச்சத்தின் முகத்தில் விழிக்கவே இல்லை.

முட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்துவர ஒருநாள் என்னை அந்த அம்மா குடிசைக்கு அனுப்பினார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. போகக் கூடாது என்று அப்பா சொன்னதில்லை, போகலாம் என்றும் சொன்னதில்லை. கூரையில் என் தலை அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழே உடைந்த பானையில் முட்டைகள். கோழி இரை பொறுக்க வெளியே போயிருந்தது. ஓட்டை வழியாக வந்த வெயில் முட்டைகளின் மேல் விழுந்திருந்தது. “வெயில்ல கெடக்கே” என்றேன். “அது எந்திரிச்சுப் போற நேரத்துக்குத்தான் படும். வந்ததும் மூடிக்கும்” என்றார் அந்த அம்மா.

அந்த ஓட்டைக்கும் எங்களுக்கும் சம்பந்தம் உண்டு. அறுவடை முடிந்ததும் கூரை வேய வைக்கோல் கேட்டு அப்பாவிடம் வந்தார். வருஷா வருஷம் கொடுப்பதுதான். அந்த வருஷம் அப்பா, “வழக்கு முடியட்டும் தங்கச்சி. போரைத் தொட்டா அதுக்கும் ஒரு கேஸ் போடுவான்” என்று சொல்லிவிட்டார். எங்கள் மாட்டுக்கு மட்டும் அதே போரிலிருந்து தினமும் பிடுங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

பொரித்தது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் பொரித்தது. எங்கள் குஞ்சுகளின் முதுகில் ஆளுக்கொரு பொட்டாகக் காவி வைத்தேன், அப்பா சுவரெழுத்துக்குக் கரைத்துவைத்திருந்த காவிதான். அக்கம்பக்கத்துக் குஞ்சுகளோடு கலந்துவிட்டால் அடையாளம் தெரிவதற்காக எல்லா வீட்டிலும் ஏதாவது வைப்பார்கள். பொட்டு வைக்கும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருந்தன. ஆனால் நொய்யைப் போட்டால் மணலைக் கொத்தின. மணலைக் கொத்தித் துப்பிவிட்டு மறுபடியும் மணலையே கொத்தின. கூமுட்டையிலிருந்து தப்பி வந்ததுகள் என்று நானே திட்டியிருக்கிறேன்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தலையைக் குனிந்து கொத்த ஆரம்பித்தால் அவற்றுக்கு வானம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். தாய்க்கோழி கொக்கரிக்கும், பருந்தின் நிழல் முற்றத்தில் ஓடும், இதுகள் மணலைக் கொத்திக்கொண்டே நிற்கும். கண் எதிரே ஒவ்வொன்றாகப் போயிற்று. “ஒன் கண்ண எங்கடி வச்சிருந்த?” என்று அம்மா என்னைத்தான் வைதாள். நான் குச்சியோடு முற்றத்திலேயே காவல் நின்றேன். அப்படியும் மிச்சம் நின்றது கொஞ்சம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அம்மா தன் குஞ்சுகளைக் காட்ட எடுத்துக்கொண்டு வந்தார். தாயையும் குஞ்சுகளையும் முற்றத்தில் விட்டார். அம்மா நொய்யை வீசினாள். மணலில் விழுந்த நொய்யை அவை ஒன்று விடாமல் பொறுக்கின, ஒரு மணலைக்கூட வாயில் வைக்கவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருந்து வட்டம் போட்டது. கொத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மேலே பார்த்தன, அடுத்த நொடி எல்லாம் தாயின் சிறகுக்குள். அந்த அம்மா சிரித்துவிட்டார். “இதுங்களுக்கு முதுகுலயும் கண்ணு அண்ணி” என்றார். பாவம், அந்தச் சிரிப்பைச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அம்மா சிரிக்கவில்லை. எங்கள் குஞ்சுகளைப் பார்த்தாள், அவர் குஞ்சுகளைப் பார்த்தாள். “ஒரே சேவல், ஒரே முட்டை” என்றாள். பிறகு மெதுவாக, “நீ தெனமும் கொட்டகைக்கு வர்றவதானே?” என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கை இரண்டும் தொங்கிவிட்டன. எங்கள் நல்ல குஞ்சுகளை எடுத்துக்கொண்டு, தெருவிலே கிடைத்த சொத்தைக் குஞ்சுகளை எங்கள் கூடையில் போட்டுவிட்டார் என்று அம்மா சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிச்சயமாகிக்கொண்டு வந்தது. குரலும் ஏறிக்கொண்டு போயிற்று.

அப்பா அப்போதுதான் வாய்தாவுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். சாயங்காலம் கூட்டம். அழைத்துப்போக வந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் கேட்டு அப்பா முற்றத்துக்கு வந்தார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. களத்தில் நின்ற மனுஷன், அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அப்பா இரண்டு கூட்டத்துக் குஞ்சுகளையும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அந்த அம்மாவிடம், “ஒரே சேவல், ஒரே முட்டை. உன் வீட்டுல மட்டும் எப்படி இப்படி? நல்ல குஞ்சு எங்க போச்சு?” என்றார்.

களத்துப் பேச்சேதான். குடை ஒன்றுதான் இல்லை.

“எனக்குத் தெரியலண்ணே. குடுத்த முட்டையத்தான் வச்சேன். பொரிச்சதத்தான் கொண்டாந்தேன்” என்றார் அந்த அம்மா.

நான் முன்னால் போனேன். “அப்பா, இது நம்ம குஞ்சுதான். பொரிச்ச அன்னிக்கே நான் காவி வச்சேன். இந்தா பாருங்க, பொட்டு இருக்கு. அன்னியிலேருந்தே இதுங்க இப்படித்தான்” என்று ஒரு குஞ்சைத் தூக்கிக் காட்டினேன். முதுகில் காவி வெளிறிப்போய் இருந்தாலும் நன்றாகவே தெரிந்தது. அம்மா, “காவி என்ன நம்ம வீட்டுச் சொத்தா? ஊர் பூராச் சொவத்துல இருக்கு. எவ வேணா வைப்பா” என்றாள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. “நீ உள்ள போ” என்றார். போனேன். ஆனால் கதவிடுக்கில் எல்லாம் தெரிந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்த கட்சிக்காரர்கள் முன்னால் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறோம் என்று அவருக்கு நினைப்பு. “சரி தங்கச்சி, இத நான் பெருசுபடுத்தல. பஞ்சாயத்துக்கும் போகல. கோழியையும் குஞ்சையும் இங்கயே விட்டுட்டுப் போயிடு. முடிஞ்சுபோச்சு” என்றார்.

அந்த அம்மா அழவில்லை, சாபம் விடவில்லை. தாயின் சிறகுக்குள் போயிருந்த குஞ்சு எதையும் அவர் தொடவும் இல்லை. காலிக் கூடையை எடுத்தார். அதில் விரித்திருந்த துணியை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, “சரிங்க ஆண்டே” என்றார். சொல்லிவிட்டு நடந்தார்.

அப்பா என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். “அண்ணேன்னு கூப்பிடு” என்றுதான் சொல்ல வந்திருப்பார், வேறு என்ன வரும் அவருக்கு. சொல்ல முடியவில்லை. கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர், “நேரமாச்சுண்ணே” என்றார். அப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கும் மேடையில் களத்துப் பேச்சைப் பேசினாராம். கூட்டம் கைதட்டியதாம். ராத்திரி வந்து ரசம் ஊற்றி நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. அம்மா சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. மேலத்தெருவில் அவர் வேலை செய்த வீடுகளிலெல்லாம் போய்ச் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் அவரைக் கொட்டகைக்குள் விடவில்லை. ஆடோ கோழியோ வாரத்துக்கும் கொடுக்கவில்லை. அவருக்கென்று அந்த இரண்டு கோழி வரவே இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்வந்தார். எதிரில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

இன்னொன்றும் நடந்தது. வாய்க்கால் தாண்டிய தெரு முழுக்க அப்பாவை மறுபடியும் ஆண்டே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கிழவரிலிருந்து சின்னப் பிள்ளை வரைக்கும். யாரும் கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். அப்பா முதலில் இரண்டொரு தடவை திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். வழக்கில் ஜெயித்துக் குத்தகை பதிவானபோது லட்டு வாங்கிவந்து தெருத்தெருவாகக் கொடுத்தார். அங்கேயும் வாங்கிக்கொண்டு, “நல்லதுங்க ஆண்டே” என்றார்கள்.

அந்த அம்மா விட்டுப்போன குஞ்சுகள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தன. ஒன்றுகூடப் பருந்துக்குப் போகவில்லை. முட்டையாக வைத்துத் தள்ளின. அம்மா அவித்துக் கொடுத்தாள், உரித்து உப்பைத் தொட்டுக்கொண்டு நான் தின்றேன். நியாயமாகத் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும். சிக்கவில்லை, நன்றாகவே இறங்கியது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாணமாகித் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்துவிட்டேன். நானும் கோழி வளர்த்தேன். அப்படித்தான் அந்தப் பயிற்சிக்குப் போனது. டாக்டர் கரும்பலகையில் ஒரு முட்டையை வரைந்து அதற்குள் குஞ்சைச் சுருட்டிப் படுக்கவைத்தார். பொரிக்கப்போகிற கடைசி நாட்களில் குஞ்சின் வலது கண் முட்டை ஓட்டைப் பார்த்து இருக்கும், இடது கண் உடம்போடு ஒட்டி மூடிக்கிடக்கும் என்றார். தாய் இரைக்கு எழுந்து போகிற கொஞ்ச நேரத்தில் ஓட்டின் வழியாக வெளிச்சம் அந்த வலது கண்ணில் மட்டும் படும். அதனால் மூளையின் இரண்டு பாதியும் வேலையைப் பிரித்துக்கொள்ளப் பழகுமாம். வெளியே வந்ததும் ஒரு கண் மணலிலிருந்து தானியத்தைப் பிரிக்கும், இன்னொரு கண் வானத்துக்குக் காவல் இருக்கும். வெளிச்சமே படாமல் இருட்டில் பொரித்த குஞ்சுக்கு இந்தப் பிரிவினை சரியாக வராது, கொத்தவும் தெரியாது, கொத்தும்போது பருந்தைப் பார்க்கவும் தெரியாது என்றார். அப்போதுதான் நான் எழுந்து குழாயடிக்குப் போனேன்.

வகுப்பு முடிந்ததும் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். இருட்டு அறையையும் ஓட்டைக் கூரையையும் மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. “இருக்கலாம்மா” என்றார். “அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. தாய்க்கோழி இருக்கு, சூடு இருக்கு, எவ்வளவோ இருக்கு. ஆனா நீங்க சொல்ற குஞ்சு அப்படித்தான் முழிக்கும்.” எனக்கு அதுவும் போதவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு கோழிகளை அடைவைத்தேன், ஒன்றை ஜன்னலடியில், ஒன்றை மூட்டை அடுக்கிய இருட்டு மூலையில், சாக்கும் கையுமாக அம்மா மாதிரியே. பொரித்த பிறகு நொய்யை வீசிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூலையில் பொரித்தவை மணலைக் கொத்தின. என் புருஷன், “குஞ்சப் பாத்து எதுக்கு அழுவுற?” என்று கேட்டார்.

ஜன்னலடியில் பொரித்த குஞ்சுகளில் இரண்டு பெட்டைகள் நல்ல பருவத்துக்கு வந்ததும் கூடையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. வாய்க்கால் தாண்டிய தெருவில் குடிசைகள் போய்க் காலனி வீடுகள் வந்திருந்தன. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் டீச்சராக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

“யாரு?” என்றார், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு.

“அண்ணன் வீட்டுப் பொண்ணுங்க” என்றேன்.

“எந்த அண்ணன்?” என்று யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “ஓ, ஆண்டை வீட்டுப் பொண்ணா. வா, வா. உக்காரு.”

நான் வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் கீரையோடு எழுந்து உள்ளே வந்து நின்றார். “நீங்களும் உக்காருங்க” என்றேன். “என்ன புதுசா வாங்க போங்கங்குற? மாமியார் வீட்டுல மரியாதையெல்லாம் குடுத்து அனுப்பியிருக்காங்க போல” என்று சிரித்தார். அதே சிரிப்பு. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜன்னலில் அடித்த பலகை, அம்மா போட்ட சாக்கு, கூரை ஓட்டை, முட்டைக்குள் இருக்கிற கண், டாக்டர், நான் வைத்துப் பார்த்த இரண்டு கோழி. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார். நான் முடித்ததும், “அப்ப நான் குஞ்சு மாத்தலன்னு கண்டுபுடிச்சிட்டாங்களாக்கும்” என்றார்.

“ஆமாங்க.”

“அது எனக்கு அன்னிக்கே தெரியுமே” என்றார். ஒரு தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “உனக்குந்தான் தெரியும். காவி வச்சது நீதானே?”

“தெரியும்” என்றேன்.

“பின்ன டாக்டரு எதுக்கு?”

கூடையை அவர் பக்கம் நகர்த்தினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கோழியின் கழுத்தைத் தடவினார். “நல்ல கோழி” என்றார். “வாரத்துக்கா?”

“ஐயோ, இல்லங்க. உங்களுக்கே கொண்டாந்தேன்.”

கொஞ்ச நேரம் அந்தக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகத்தான் பார்த்தார், எனக்குத் தெரிந்தது. பிறகு மூடியைப் போட்டுக் கூடையை என் பக்கமே நகர்த்தினார். “வேணாம் தாயி. நல்லா வளந்து தொலைச்சிடுச்சுன்னா, மறுபடியும் யாருக்குப் பதில் சொல்றது?” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். காபி போட்டுக் கொடுத்தார், குடித்துவிட்டு எழுந்தேன்.

கூடையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கோழிகள் கொக்கரித்துக்கொண்டே வந்தன. கண்டக்டர் பக்கத்தில் வந்து, “கோழி யாருதும்மா?” என்று கேட்டார். என்னுது என்று சொல்ல வாய் கூசியது. இரண்டாம் தடவை அவர் குரலை உயர்த்திக் கேட்டதும், “என்னுதுதான்” என்றேன்.